வடக்கு எங்கே இருக்கிறது?

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழாசிரியையாக இருந்தவளை மேடையேற்றினால் இலக்கியம் பேசுவாள் என்றே எதிர்பார்ப்பீர்கள். இன்று நான் பேச வந்தது வரைபடத்தைப் பற்றி. அதற்குக் காரணமான ஒரு சிறு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பணியாற்றிய பள்ளியில் ஒருமுறை சமூக அறிவியல் ஆசிரியர் பணியிடம் ஓராண்டுக்கும் மேலாகக் காலியாக இருந்தது. தலைமையாசிரியர் என்னை அழைத்து, எட்டாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். தேர்வில் வரைபட வினாவுக்குக் குழந்தைகள் மதிப்பெண் இழக்கக் கூடாது என்பது ஒன்றே அப்போது என் கவலை. நதிகளை நீல நிறத்தில் வரையச் செய்தேன். நகரங்களுக்குப் புள்ளி வைக்கப் பழக்கினேன். ஒரு மாணவன் தவறாமல் முழு மதிப்பெண் வாங்கினான். ஒருநாள் வகுப்பில் அவனை எழுப்பி, “வடக்கு எங்கே இருக்கிறது, காட்டு” என்றேன். அவன் சற்றும் தயங்காமல் விரலை உயர்த்திக் கூரையைக் காட்டினான்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மாலையில் வீட்டுக்கு நடந்துவரும்போதுதான் அந்தச் சிரிப்பு என்னையே சுட்டது. சுவரில் தொங்கும் படத்தில் வடக்கு மேலேதானே இருக்கிறது? நான் அவனுக்குக் கற்பித்தது அதைத்தானே? படத்தை அவன் பிழையின்றிக் கற்றிருந்தான். படத்துக்கும் மண்ணுக்கும் உள்ள உறவை நான் கற்பிக்கவே இல்லை. பிழை என்னுடையது.

அதன் பின் சில ஆண்டுகள் கழித்து, சாரணியர் படைத்தலைவியருக்கான பயிற்சி முகாம் ஒன்றுக்குச் சென்றிருந்தபோது, ஒரு விளையாட்டை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். உலகெங்கும் அதற்கு ஓரியன்டீரிங் என்று பெயர். நான் என் குழந்தைகளுக்கு ‘வழிகாண் விளையாட்டு’ என்று தமிழ்ப்படுத்திச் சொன்னேன். கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. படத்தில் ஒரு முக்கோணம் இருக்கும். அது புறப்படும் இடம். எண்ணிட்ட வட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் குறிக்கப்பட்டுள்ள இடத்தில், வெள்ளையும் ஆரஞ்சும் மூலைவிட்டமாகப் பிரிந்த 30 சென்டிமீட்டர் சதுரக் கொடி ஒன்று மெய்யாகவே தொங்கிக்கொண்டிருக்கும். இரட்டை வட்டம் முடிவிடம். வட்டங்களை வரிசையாகக் கண்டடைந்து திரும்பவேண்டும். எந்த வழியாகப் போவது என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். அது விளையாடுவோரின் முடிவு.

இது வடபுல நாடுகளில் பிறந்த விளையாட்டு. முதலில் சுவீடன் படைவீரர்களின் பயிற்சியாக இருந்தது. பொதுமக்களுக்கான முதற்போட்டி 1897-இல் நார்வேயில் நடைபெற்றது. சுவீடனைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற படை அதிகாரி ஒரு சாரணர் தலைவரும் ஆவார். இளைஞர்களுக்கு ஓட்டப்பந்தயங்களில் ஆர்வம் குறைந்துவருவதைக் கண்டு, கால்களோடு மூளைக்கும் வேலை கொடுத்தால் என்ன என்று எண்ணி, 1919-இல் ஸ்டாக்ஹோம் நகருக்கு அருகே பெரிய அளவில் ஒரு போட்டியை நடத்தினார். இந்த விளையாட்டின் தந்தை என்று அவரையே குறிப்பிடுகின்றனர். 1961-இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவாயிற்று. 1966-இல் பின்லாந்தில் முதல் உலகப் போட்டி நடந்தது. சுவீடனில் இன்றும் பள்ளி உடற்கல்விப் பாடத்திலேயே வரைபடத்தைக் கொண்டு வழிகாணும் பயிற்சி இடம்பெறுகிறது.

முகாமிலிருந்து திரும்பியதும் என் பள்ளியில் இதைத் தொடங்கினேன். அந்த அனுபவத்தையே உங்களிடம் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதல் பாடம், படத்தைத் திருப்புவது. நம் குழந்தைகள் படத்தைப் புத்தகம்போல் நேராகவே பிடிப்பார்கள். எழுத்துத் தலைகீழாகிவிடும் என்று அஞ்சுவார்கள். வழிகாண்பவர் படத்தை எழுத்துக்காகப் பிடிப்பதில்லை, நிலத்துக்காகப் பிடிக்கிறார். திசைகாட்டியைப் படத்தின் மேல் வைத்து, முள்ளின் வடமுனையும் படத்தின் வடக்கும் ஒரே பக்கம் நோக்கும்வரை படத்தைத் திருப்பவேண்டும். நம் பகுதியில் காந்தமுள் காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு ஓரிரு பாகைதான். குழந்தைகள் அதைக் கணக்கில் கொள்ளத் தேவையில்லை. படம் இவ்வாறு அமைந்துவிட்டால், படத்தில் வலப்பக்கம் உள்ள ஏரி நிலத்திலும் வலப்பக்கம் இருக்கும். திரும்பி நடந்தால் படத்தையும் திருப்பவேண்டும். இது கேட்பதற்கு எளிது. கைக்கு வருவதற்கு ஒரு வாரம் ஆயிற்று.

சூரியன் உதிக்கும் திசை கிழக்கு என்று எல்லாரும் படித்திருந்தார்கள். தை மாதக் காலையில் மைதானத்தில் நிறுத்தித் திசைகாட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். சூரியன் நேர் கிழக்கிலிருந்து நன்றாகத் தெற்கே விலகி எழுவதைக் கண்டு வியந்தார்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாளையொட்டி மட்டுமே அது நேர் கிழக்கில் உதிக்கிறது. பாடநூல் சொன்னதைக் கண்ணால் சரிபார்க்கும் பழக்கம் அன்று சிலருக்கு வந்தது.

திசைப் பெயர்களைச் சொல்லும்போது தமிழாசிரியைக்குச் சும்மா இருக்க முடியுமா? கீழ் என்பதிலிருந்து கிழக்கு; மேல் என்பதிலிருந்து மேற்கு. நம் நாடு மேற்கே மலையில் உயர்ந்து கிழக்கே கடலை நோக்கித் தாழ்கிறது. மழைநீர் ஓடும் போக்கைப் பார்த்தவர்கள் சூட்டிய பெயர்கள் இவை. மேலத்தெரு, கீழத்தெரு என்று நாம் நாள்தோறும் சொல்லும் பெயர்களுக்குள் ஒரு வரைபடமே இருக்கிறது. இதைச் சொன்னதும் ஒரு பையன், “அப்போ டீச்சர், கீழத்தெருவுல மட்டும் மழைத்தண்ணி நிக்கிறது அதனாலதானா?” என்று கேட்டான். அன்றைய வகுப்பு அதோடு நிறைவுற்றது என்றே கருதினேன்.

இரண்டாவது பாடம், அளவு. இத்தகைய படங்கள் பெரும்பாலும் 1:10,000 என்ற அளவில் வரையப்படும். படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 100 மீட்டர். மைதானத்தில் 100 மீட்டரை நாடாவால் அளந்து, குழந்தைகளை இயல்பாக நடக்கவிட்டு, இடக்கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் எண்ணச் சொன்னேன். எட்டாம் வகுப்புப் பையனுக்கு 68 வந்தது. ஐந்தாம் வகுப்புச் சிறுமிக்கு 80 வந்தது. யாருடையது சரி என்று சண்டையிட்டார்கள். இரண்டுமே சரிதான். அவரவர் அடிக்கு அவரவர் எண்ணிக்கை. ஒருவர் எண்ணியதை இன்னொருவர் காலால் நடக்க முடியாது.

மூன்றாவது, நிறமும் கோடும். பள்ளிப் படத்தில் பச்சை என்றால் சமவெளி. இந்த விளையாட்டின் படத்தில் வெள்ளை என்றால் தடையின்றி ஓடக்கூடிய காடு. மஞ்சள் என்றால் வெட்டவெளி. பச்சை என்றால் புதர் மண்டிய இடம், நிறம் அடர அடர நுழைவது கடினம். காடே இயல்பான நிலமாக இருந்த நாட்டில் பிறந்த விளையாட்டு ஆதலால், எழுதாத வெள்ளைத்தாளே அவர்களுக்குக் காடாயிற்று. எங்கள் ஊரை அந்த முறையில் வரைந்தபோது தாள் முழுவதும் மஞ்சளாகிப்போனது! கறுப்பு நிறம் பாறைக்கும் பாதைக்கும் கட்டடத்துக்கும், நீலம் நீருக்கு, பழுப்பு மேடுபள்ளத்தைக் காட்டும் சமஉயரக் கோடுகளுக்கு.

அந்தப் பழுப்புக் கோடு என்னவென்று விளங்கவைக்க ஒரு தாம்பாளத்தில் களிமண்ணால் குன்று செய்தோம். விரற்கடை அளவு நீர் ஊற்றி, நீர் தொட்ட இடத்தைக் குச்சியால் கீறினோம். மறுபடியும் ஒரு விரற்கடை. மறுபடியும் ஒரு கீறல். நீரை வடித்துவிட்டு மேலிருந்து குனிந்து பார்க்கச் சொன்னேன். வளையத்துக்குள் வளையமாகக் குன்று படமாகிக் கிடந்தது. சரிவு செங்குத்தாக உள்ள பக்கம் கோடுகள் நெருங்கியிருந்தன. சாய்வான பக்கம் விலகியிருந்தன. நான் மனப்பாடம் செய்யவைத்திருந்த ஒரு வரி, சொல்லாமலே அவர்களுக்குப் புரிந்துபோயிற்று.

இனி, நான் சொல்லவந்த முதன்மையான செய்திக்கு வருகிறேன்.

பொங்கல் விடுமுறைக்குப் பின் வந்த ஒரு சனிக்கிழமை. பள்ளி வளாகத்தில் பழகியது போதும், ஊருக்குள் ஆடலாம் என்று முடிவு செய்தோம். 24 குழந்தைகள், நால்வர் வீதம் ஆறு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் பெரியவர் சிறியவர் கலந்திருக்கவேண்டும் என்று அமைத்தேன். பெற்றோரின் இசைவைப் பெற வீடு வீடாகச் சென்றேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தாய், “பொண்ணுப் பிள்ளைய ஏரிக்கரையில, வரப்புல எல்லாம் ஓட விடுறதா டீச்சர்?” என்று தயங்கினார். விடுமுறை நாளில் அதே ஏரிக்கரையில்தான் அந்தச் சிறுமி பாட்டியோடு ஆடு மேய்ப்பாள்! அதை நான் நினைவூட்டியதும் அவர் சிரித்துவிட்டார். “சரி, நீங்க பாத்துக்குங்க” என்றார். அந்தச் சொல் அன்று முழுவதும் என் தோளில் இருந்தது.

புளியந்தோப்பு, களத்துமேடு, பெரிய ஏரியின் மதகு, அதே ஏரியின் கலங்கல், ஊர்க்கோடிப் பாறை என்று ஐந்து இடங்களில் கொடி கட்டினோம். கொடிக்கு ஓர் எழுத்து. ஐந்தையும் வரிசையாக அட்டையில் எழுதினால் ‘வழித்துணை’ என்று வரும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பெரியவரை நிறுத்தினேன். காலை ஏழு மணிக்குப் புறப்பாடு. ஒன்பதரைக்குள் எத்தனை கொடி கிடைத்திருந்தாலும் திரும்பிவிடவேண்டும்.

எட்டே முக்காலுக்குள் ஐந்து குழுக்கள் வந்துவிட்டன. ஒரு குழு வரவில்லை. ஆறு குழுக்களிலும் விரைவாக முடிக்கும் என்று நான் எண்ணியிருந்த குழு அது. அதன் தலைவன் எட்டாம் வகுப்பில் முதல் மாணவன். படம் பார்ப்பதில் கெட்டிக்காரன். ஆடு மேய்க்கும் அந்தச் சிறுமியும் அதே குழுவில்தான் இருந்தாள். மணி ஒன்பதாயிற்று. நான் பள்ளியின் படியில் நின்றுகொண்டிருந்தேன். கிணற்றருகே நின்ற இருவருக்கும் தொலைபேசினேன். இந்தப் பக்கம் வரவில்லை என்றார்கள். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்கு விளங்கவில்லை. மற்றக் குழந்தைகளை உடனிருந்த ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டுத் தேடிப் புறப்பட்ட வேளையில், மணி ஒன்பது இருபத்தைந்துக்கு, நால்வரும் தெருமுனையில் வருவது தெரிந்தது. சிறுமி முன்னால் வந்தாள். படம் அவள் கையில் இருந்தது.

அவர்களின் அட்டையை வாங்கிப் பார்த்தேன். ‘வ’, ‘ழி’ இருந்தன. மூன்றாவது கட்டம் வெறுமையாக இருந்தது. பின்பு ‘து’, ‘ணை’ இருந்தன. “இது என்ன எழுத்து என்று தெரிந்திருக்குமே, ஏன் எழுதவில்லை?” என்று கேட்டேன். தலைவன் தலைகுனிந்தவாறே, “தெரிஞ்சுது டீச்சர். ஆனா நாங்க அந்த இடத்துக்குப் போகல” என்றான். ஒரு நொடி எனக்குப் பேச்சு வரவில்லை. ஊகித்து எழுதிவிடக்கூடிய ஒரு சொல்லைச் சோதனையாக வைத்தவள் நான். என் கவனக்குறைவை அவர்களின் நேர்மை காப்பாற்றியது. அடுத்த ஆண்டிலிருந்து தொடர்பற்ற எழுத்துகளையே வைத்தேன் என்பது வேறு செய்தி.

இந்த விளையாட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து, தாம் உண்மையில் நடந்த வழியைப் படத்தில் பென்சிலால் வரைந்து, எங்கே சரியாகப் போனோம், எங்கே பிசகினோம் என்று பேசவேண்டும். அந்தக் குழுவின் முறை வந்தபோது தலைவனே எழுந்து எல்லாவற்றையும் சொன்னான்.

களத்துமேட்டைத் தாண்டியதும் கால்வாய் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை பெரிய ஏரிக்கும் மற்றது சித்தேரிக்கும் செல்லும். ஓட்டத்தில் படத்தைத் திருப்ப மறந்துபோனான். தவறான கிளையைப் பிடித்தான். கரை வந்தது, மதகும் வந்தது, கொடி மட்டும் இல்லை. யாரோ கொடியை எடுத்துப் போய்விட்டார்கள் என்று முடிவு கட்டினான். அப்போது சிறுமி, “அண்ணா, இது சித்தேரி. பெரிய ஏரிக்கரையில வரிசையாப் பனைமரம் இருக்கும்” என்றாள். “மேப் பாக்கத் தெரியுமா உனக்கு? சும்மா வா” என்றான் அவன். மற்ற இருவருக்கும் ஐயம் இருந்தது. ஆனாலும் தலைவன் சொல்கிறானே என்று வாய் திறக்கவில்லை. கரை முடியும்வரை நடந்தார்கள். படத்தில் இருந்த எதுவும் நிலத்தில் இல்லை. நிலத்தில் இருந்த எதுவும் படத்தில் இல்லை. அவன் கரையில் உட்கார்ந்துவிட்டான். “எங்க இருக்கோம்னு எனக்குத் தெரியல” என்றான்.

சிறுமி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “களத்துமேடு நமக்குத் தெரியும்ல அண்ணா? அங்க போயிடலாம்” என்றாள். நால்வரும் திரும்பிக் களத்துமேட்டுக்கு வந்தார்கள். அங்கே படத்தைத் தரையில் விரித்து, வடக்குக்குத் திருப்பி, தொலைவில் தெரிந்த குடிநீர்த் தொட்டியையும் பனைவரிசையையும் ஒத்துப்பார்த்தார்கள். பெரிய ஏரியின் மதகுக்குப் போய்வந்தால் ஒன்பதரை தாண்டிவிடும் என்று கணக்கிட்டு, அதை விட்டுவிட்டு, நேர்வழியாகக் கலங்கலுக்கும் பாறைக்கும் சென்று வந்தார்கள்.

அன்பர்களே, வழிதவறியவர்கள் செய்யவேண்டியது என்ன என்று வல்லுநர்கள் சொல்வதும் இதைத்தான். நில், ஓடாதே, உறுதியாகத் தெரிந்த கடைசி இடத்துக்குத் திரும்பு, படத்தைத் திருப்பி மறுபடி பார். அந்தச் சிறுமி எந்த நூலிலும் இதைப் படித்திருக்கவில்லை. ஆடு காணாமற்போனால் அவளும் பாட்டியும் அப்படித்தான் தேடுவார்களாம்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கால்வாய் பிரியும் இடத்தில் ஒரு பெரியவரை நிறுத்தாதது என் முதல் பிழை. இரண்டாவது பிழை அதைவிடப் பெரியது. ஒரு தலைவனையும் மூன்று பின்தொடர்வோரையும் சேர்த்துக் குழு என்று பெயர் வைத்திருந்தேன். படம் ஒருவன் கையிலேயே இருந்தது; ஆகவே பேச்சும் அவனிடமே இருந்தது. சரியான விடை குழுவுக்குள்ளேயே இருந்தும் அது வெளிவர வழியில்லை. அவர்கள் விட்டுவிட்ட எழுத்து ‘த்’. வழியையும் துணையையும் சேர்க்கும் ஒற்று அது. ஒற்று மிகும் இடங்களை எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய எனக்கு, அது விடுபட்டால் என்னவாகும் என்பதை அந்த அட்டை உணர்த்தியது.

அதன் பின் விதிகளை மாற்றினேன். நால்வருக்கும் நான்கு வேலைகள்: ஒருவர் படம் பிடிப்பார், ஒருவர் திசைகாட்டி பார்ப்பார், ஒருவர் அடி எண்ணுவார், ஒருவர் சுற்றிலும் பார்த்து, மரம், பாறை, கிணறு என்று கண்டதைச் சொல்லிக்கொண்டு வருவார். ஒவ்வொரு கொடியிலும் வேலை கைமாறும். ஆகவே எல்லார் கைக்கும் படம் வரும். கொடியை விட்டுப் புறப்படுமுன், நால்வரில் மிக இளையவர் அடுத்த வழியைப் படத்தில் விரல் வைத்துக் காட்டவேண்டும். அவருக்கு விளங்கும்வரை யாரும் நகரக்கூடாது. குழுவின் நேரம் கடைசி ஆள் கோட்டைத் தொடும்போதுதான் கணக்கிடப்படும். கடைசியாக ஒன்று: “எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை” என்று யார் சொன்னாலும் குழு அங்கேயே நிற்கவேண்டும். அப்படிச் சொன்னவரைக் கேலி செய்தால் குழுவுக்கு ஐந்து நிமிடம் தண்டம்.

இந்தக் கடைசி விதியே எல்லாவற்றினும் கடினமாக இருந்தது. நம் வகுப்பறைகளில் தெரியவில்லை என்று சொல்வது குற்றம். தெரியாது என்ற குழந்தையைப் பெஞ்சின் மேல் ஏற்றியவர்கள் நாம், நானும் ஏற்றியிருக்கிறேன். ஆனால் நிலத்தில் நடக்கும்போது, தெரியவில்லை என்று முதல் நிமிடத்தில் சொல்பவர் பத்து அடி திரும்பினால் போதும். அரைமணி நேரம் கழித்துச் சொல்பவர் அரைமணி நேரம் திரும்பி நடக்கவேண்டும். குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு காலில் புரிந்தது. புரிந்தபின் வகுப்பிலும் கை உயரத் தொடங்கியது. “டீச்சர், நீங்க சொன்ன கடைசிப் பாட்டு எனக்குப் புரியல” என்று ஒரு மாணவி முதன்முறையாகச் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நம் மரபில் வந்த பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் கல்வியை நான்கு பங்காக்கிக் காட்டுகிறார். ஆசிரியரிடம் கேட்பதால் கிடைப்பது ஒரு பங்கு. உடன் கற்பவரோடு பழகுவதால் கிடைப்பது இன்னொரு பங்கு. கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய இரு பங்கும் நிறைகின்றன. இதை எத்தனையோ ஆண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறேன். இளைய குழந்தைக்குப் படத்தை விளக்க முயன்று, அதனால் தானே முதன்முறையாகத் தெளிவடைந்த பெரிய குழந்தைகளைப் பார்த்தபின்னரே அந்தக் கணக்கு எனக்கு மெய்யாக விளங்கியது.

பிழையை ஒப்புக்கொள்வது குழந்தைகளின் விளையாட்டுக்கு மட்டும் உரிய பண்பன்று. இந்திய நாட்டை அளந்தவர்களின் கதையும் அதுவே. 1802 ஏப்ரல் 10 அன்று, சென்னையில் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் அளக்கப்பட்டது. அதை அடிப்படையாகக் கொண்டு முக்கோணங்களைத் தொடுத்துக்கொண்டே சென்றார்கள். 1804-இல் பெங்களூரை அடைந்ததும், கணக்கு சரிதான் என்று நம்பி மேலே செல்லவில்லை. அங்கே இன்னொரு கோட்டைச் சங்கிலியால் அளந்து சரிபார்த்தார்கள். வேறுபாடு சில அங்குலங்களே. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்து, ஏறத்தாழ அரை டன் எடையுள்ள அந்த அளவைக் கருவி மோதிச் சேதமடைந்தது. லாம்டன் அதைத் தூக்கி எறியவில்லை. கூடாரத்துக்குள் அமர்ந்து வாரக்கணக்கில் தம் கையாலேயே செப்பனிட்டார். நாம் இன்று நம்பிப் பிடிக்கும் படம், இப்படித் தம்மைத் தாமே ஐயுற்றுச் சரிபார்த்தவர்கள் கொடுத்த கொடை.

கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று இளையவர்கள் கேட்கலாம். கைப்பேசியை நான் குறைகூற வரவில்லை. இந்த விழா மண்டபத்துக்கு நானே அதைப் பார்த்துத்தான் வந்தேன். இடப்புறம் திரும்பு என்றது, திரும்பினேன். வழியில் என்னென்ன இருந்தன என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அது என்னைக் கொண்டுவந்து சேர்த்தது. எனக்கு வழியைக் கற்பிக்கவில்லை. மேலும், கைப்பேசியைப் பார்த்து நடப்பவர் தனியாகவே நடக்கிறார். படத்தை விரித்தால் நான்கு தலைகள் அதன்மேல் குனிகின்றன. எனக்கு வேண்டியது அந்த நான்கு தலைகள்தாம்.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் ஊரை விட்டு நகரத்தில் வாழ்பவர்கள். விழாவுக்கும் விடுமுறைக்கும் சொந்த ஊருக்கு வருகிறோம், காரில் இறங்குகிறோம், சில நாளில் காரில் ஏறுகிறோம். பேரப்பிள்ளைகளுக்கு ஊர் என்பது தாத்தாவின் வீட்டுத் திண்ணையோடு முடிந்துவிடுகிறது. என் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது, ஒரு காலையில் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுங்கள். வீட்டிலிருந்து கோயில்வரை வரையச் சொல்லுங்கள். மறுநாள் ஏரிக்கரைவரை. கொடிக்குப் பழைய துணி போதும். திசைகாட்டி சிறியதாக ஒன்று போதும். ஊர்ப் பிள்ளை ஒருவரையும் நகரத்துப் பிள்ளை ஒருவரையும் ஒரே குழுவில் சேர்த்துவிடுங்கள். நகரத்துப் பிள்ளைக்குப் படம் தெரியும். ஊர்ப் பிள்ளைக்கு மண் தெரியும். ஒருவரிடம் ஒருவர் கேட்டே ஆகவேண்டிய நிலையை ஆட்டமே உண்டாக்கிவிடும்.

காவலில் மட்டும் தளர்ச்சி கூடாது. வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். முதல் நாள் பெரியவர் ஒருவர் வழிமுழுதும் நடந்து பார்த்துவிடவேண்டும். கிணறு, மதகு, சாலை கடக்கும் இடம், பாதை பிரியும் இடம் ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர் நிற்கவேண்டும். ஏரியில் நீர் நிறைந்திருக்கும் காலத்தில் கரைப்பக்கமே வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஓர் ஊதல், கையில் தண்ணீர். திரும்பவேண்டிய நேரம் எல்லாருக்கும் தெரிந்திருக்கவேண்டும். பயிருக்குள் கால் வைக்கக்கூடாது, வரப்பில்தான் நடக்கவேண்டும். நிலத்துக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

கூரையைக் காட்டிய அந்த மாணவனை ஆண்டுகள் பல கழித்து ஒரு திருமண வீட்டில் பார்த்தேன். வளர்ந்து குடும்பத்தோடு வந்திருந்தான். வணங்கிவிட்டு, “டீச்சர், இப்போ வடக்கு எதுன்னு கேளுங்க” என்றான் சிரித்துக்கொண்டே. நான் கேட்கவில்லை. அவன் தன் மகளைத் தோளில் தூக்கி, மண்டபத்தின் வாசலைக் காட்டி, “அதுதான்டா வடக்கு” என்று அவளுக்குச் சொன்னான். என்னிடம் பெறாததை அவன் எங்கோ தானே கற்றுக்கொண்டிருந்தான். அது எனக்கு மகிழ்ச்சி தந்தது; சற்று வெட்கத்தையும் தந்தது.

உங்கள் பிள்ளைகள் அவ்வளவு காலம் காத்திருக்கவேண்டாம். இந்த விழாவுக்கு வந்திருக்கும் குழந்தைகளே, நாளைக் காலை எழுந்ததும் தாத்தா பாட்டியைக் கையோடு அழைத்துக்கொண்டு வாசலில் நில்லுங்கள். வடக்கு எங்கே என்று கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால் நல்லது; சேர்ந்து தேடலாம்.